ஒரு ஏக்கர் சோளம், தொள்ளாயிரத்து ஐம்பது லிட்டர்

ஜனவரி கடைசி வாரம். திருச்சி உறையூரில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறை. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி வைத்திருந்தார். அதன் அடிக்கிண்ணத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டி, "முன்னாடியெல்லாம் இது இருக்காது சார். இப்ப வர்ற பழைய வண்டியில பாதிக்கு இருக்கு" என்றார். பெட்ரோல்தான் காரணம் என்பது அவர் கட்சி. எனக்கு அது உடனே பிடிபடவில்லை. 2014இல் வாங்கிய வண்டி. எத்தனையோ மழையில் நின்றிருக்கிறது.

நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்தார். என் டேங்கிலிருந்தே நூறு மில்லி பெட்ரோல் பிடித்தார். இருபது மில்லி தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை விட்டு அதில் ஊற்றினார். மூடிக் குலுக்கி பெஞ்சில் வைத்தார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நீலம் அடியில் தெளிந்து நின்றது. குனிந்து கோட்டைப் பார்த்தேன். ஊற்றியது இருபது, இப்போது முப்பத்தொன்பதில் நிற்கிறது. பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

2014இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் சராசரியாக ஒன்றரை சதவீதம். 2022 ஜூனில் அது பத்தைத் தொட்டது, 2025இல் இருபது. 2030க்கு வைத்திருந்த இலக்கை ஐந்து வருஷம் முன்னதாகவே எட்டிவிட்டார்கள். அதுவரை கரும்பை நம்பியிருந்த திட்டம் இது. 2023 டிசம்பரில் மழை குறைந்து சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்ததும் கரும்புச்சாற்றுக்குக் கட்டுப்பாடு போட்டு, மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பினார்கள். 2022-23இல் மக்காச்சோளத்திலிருந்து வந்த எத்தனால் சுமார் 31 கோடி லிட்டர். அடுத்த ஆண்டே 286 கோடி. குடுவையின் அடியில் நிற்கும் நீலத்தில் கணிசமான பங்கு ஏதோ ஒரு சோளக்காட்டிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சோளக்காடு என்றால் பெரம்பலூர். டேங்கை நிரப்பினேன், லிட்டர் 101 ரூபாய்ச் சொச்சம். மீட்டரை நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினேன். வண்டி வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் எழுதிவரும் நோட்டு அது.

பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து ஆத்தூர் சாலையில் பதினேழு கிலோமீட்டர் போனால் வேப்பந்தட்டை. சாலையின் ஒரு பாதியில் வண்டி போகிறது, மறுபாதியில் சோளம் காய்கிறது. ஆரஞ்சு மஞ்சளில் நீளமாக ஒரு விரிப்பு. பறந்துவிடாமல் ஓரத்தில் கல் வைத்த தார்ப்பாய். லாரி கடக்கும்போதெல்லாம் உமித்தூள் எழும்பிக் கண்ணை உறுத்துகிறது. இரண்டு பக்கமும் கரிசல். நிற்கும் பயிரெல்லாம் காய்ந்து, காற்றுக்குக் காகிதம் போலச் சலசலக்கிறது.

அந்தக் காடுகளைச் சுற்றிப் பழைய சேலைகள் கட்டியிருந்தன. சிவப்பு, பச்சை, ஊதா, பூப்போட்டது. காட்டுப்பன்றிக்காக. உள்ளே ஒரு அண்ணனும் அக்காவும் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். கதிர் முற்றும் மாதத்தில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தும் ஒரு மூலையை இழந்திருந்தார்கள். அந்த மூலையில் தட்டை எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. அக்கா ஒரு மட்டையை உரித்துக் காட்டினார். நுனியில் படைப்புழு குடைந்த பொடி. "2018ல வந்த பூச்சி தம்பி. இன்னும் போகல. ரெண்டு மருந்து அடிச்சாச்சு."

மூன்று ஏக்கர், மானாவாரி. புரட்டாசியில் விதைத்தது. ஏக்கருக்கு நாலு கிலோ விதைப் பை இரண்டு. கொட்டகையில் காலிச் சாக்குகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். யூரியா ஒன்பது, டி.ஏ.பி. நாலு. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 1,350 என்று சாக்கிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த ஒன்பது சாக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். யூரியா செய்வது இயற்கை எரிவாயுவில். நாம் எரிக்கும் எரிவாயுவில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது. உழுத டிராக்டர் டீசலில் ஓடியது, கதிர் அடிக்கும் மெஷினும் டீசலில்தான் ஓடப்போகிறது. வயலில் விளையும் எரிபொருள் என்று சொல்வது சரி. ஆனால் பூமிக்கடியிலிருந்து வந்த எரிபொருள் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது.

ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று கேட்டேன். நல்லா வந்தா இருபத்தஞ்சு மூட்டை, நூறு கிலோ மூட்டை, என்றார் அண்ணன். ஒரு டன் சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். அங்கேயே நோட்டில் பெருக்கினேன். ஒரு ஏக்கருக்கு 950 லிட்டர். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் உண்டு. ஆக, ஒரு பருவம் முழுக்க ஒரு ஏக்கர் ஈடுகட்டுவது 630 லிட்டர் பெட்ரோல். உரத்துக்கும் டீசலுக்கும் ஆலைக்கும் போனதை இன்னும் கழிக்கவில்லை.

கழித்தால் என்ன மிஞ்சும் என்பதில்தான் உலகம் பூராவும் சண்டை. இந்த விளையாட்டைப் பெரிய அளவில் தொடங்கியது அமெரிக்கா, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில். அங்கே விளைகிற சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. அவர்களுடைய ஆர்கான் தேசிய ஆய்வகம் பெட்ரோலைவிடக் கரி உமிழ்வு நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைவு என்கிறது. 2022இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிதாக உழுத நிலத்தையும் கூடுதலாகப் போட்ட உரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெட்ரோலைவிட 24 சதவீதம் அதிகமாகவே இருக்கலாம் என்றார்கள். நம் நிதி ஆயோக் கணக்கில் சோள எத்தனால் பாதி குறைவு. அமெரிக்காவில் ஹெக்டேருக்குப் பதினோரு டன் விளைகிறது. நம் நாட்டுச் சராசரி மூன்றரை டன் சுமார். எந்தக் கணக்கை எடுத்தாலும் இந்த வித்தியாசம் நமக்கு எதிராகவே நிற்கும் என்று எனக்குப் படுகிறது. ஒரே அளவு எத்தனாலுக்கு நமக்கு மூன்று மடங்கு நிலம் வேண்டும்.

அங்கிருந்து கமிஷன் மண்டி இரண்டு கிலோமீட்டர். வாசலில் எடைக்கல் மேடை, உள்ளே கழுத்தளவு குவியல். மண்டிக்காரர் ஒரு பிடி சோளத்தை எடுத்து ஈரப்பத மெஷினில் போட்டார். 16.2. பதினாலு இருந்தால்தான் முழு விலை. சீட்டில் குவிண்டாலுக்கு 2,050 என்று எழுதினார். அதிலும் மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு. மக்காச்சோளத்துக்கு 2025-26 பருவத்தில் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,400. அந்த விலைக்கு வாங்குகிற ஆளை நான் அங்கே பார்க்கவில்லை.

"எத்தனால் ஆலைங்க வந்ததால சோளத்துக்கு நல்ல காலம் சார்" என்றார் மண்டிக்காரர். பொய் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் கோத்திருந்த பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். போன வருஷம் இதே மாதம் 2,350. அதற்கும் முந்தின வருஷம் 2,250. சோளத்தை யாரும் சீண்டாத காலத்தையும் பார்த்தவர்களுக்கு இது பெரிய விஷயம். அந்த இரண்டு வருஷப் பணத்தில்தான் கொட்டகைக்குத் தகரம் போட்டதாக அண்ணனும் சொல்லியிருந்தார், தகரம் புதுசாகத்தான் மின்னியது. ஆனால் இந்த வருஷச் சீட்டில் முந்நூறு ரூபாய் காணோம். நாடு முழுக்க விளைச்சல் பெருகியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் பார்த்தேன்.

லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்றதற்கு மண்டியில் ஒருவர் "ஆலைக்கு" என்றார். ஓட்டுநர் கையிலிருந்த பில்லில் நாமக்கல் தீவனக் கம்பெனி. பில்லை நம்பி லாரிக்குப் பின்னாலேயே போனேன். ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் வழியாக 113 கிலோமீட்டர். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேகவைக்கும் வாசனை சாலை வரை வந்தது.

நாமக்கல் புறவழிச்சாலையைத் தாண்டியதுமே கோழிப்பண்ணை மணம் ஆரம்பித்துவிடுகிறது. தீவன ஆலை வாசலில் பதினொரு லாரி வரிசை. பெரம்பலூர் எண், கர்நாடக எண், ஒன்று பீகார். பண்ணைக்காரர் ஒருவர் தீவன அறைக்குள் கூட்டிப்போனார். அரவை மெஷின் சத்தத்தில் காதோடு காது வைத்துத்தான் பேச முடிந்தது. முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தின்னும், அதில் பாதி சோளம், என்றார். நான் மறுபடி நோட்டை எடுத்தேன். கோழி எல்லா நாளும் முட்டையிடாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு ஏக்கரின் இரண்டரை டன் சோளம் இருந்தால் ஏறத்தாழ 38,000 முட்டைக்கான தீவனத்தில் சோளப்பங்கு தீர்ந்துவிடும். 950 லிட்டர் ஒரு பக்கம், 38,000 முட்டை ஒரு பக்கம். பள்ளிக்கூடச் சத்துணவுக்கு முட்டை போகிற ஊரில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைப் போடும்போது கை கொஞ்சம் நின்றது.

2024இல் சோளத்தை நம் நாடு இறக்குமதி செய்தது. அதுவரை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு. மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தொடங்கிய திட்டம் தானிய இறக்குமதியில் கொண்டுபோய் விட்டதே என்று அந்தப் பண்ணைக்காரர் கேட்டார். "விலை ஏறினா எங்களுக்குக் கஷ்டம், இறங்கினா அவங்களுக்குக் கஷ்டம். ஏத்தி இறக்குறது நாங்க ரெண்டு பேரும் இல்ல."

மூலையில் வேறு சாக்குகள் இருந்தன. கட்டை அவிழ்த்துக் கையை விட்டேன். தங்கப் பழுப்பில் உமி போன்ற தூள். கருகிய ரொட்டியும் புளித்த மாவும் கலந்த வாசனை. எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, டி.டி.ஜி.எஸ். என்பார்கள். சோளத்தில் மாவுச்சத்துதான் சாராயமாகிறது. புரதமும் கொழுப்பும் நாரும் போகாது. டன்னுக்கு முந்நூறு கிலோ வரை தீவனமாகத் திரும்புகிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல் எத்தனாலைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் கோழிக்கு இதைக் கொஞ்சம்தான் சேர்க்கலாம் என்றார் பண்ணைக்காரர். சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் மாவு போனபின் அது மூன்று மடங்காகச் செறிந்து சக்கையில் நிற்கும். ஒரு சாக்கில் கட்டிபிடித்த இடத்தை உடைத்துக் காட்டினார். உள்ளே சாம்பல் பச்சை.

சாக்கில் கன்னட எழுத்து. வண்டியை நாமக்கல்லில் நிறுத்திவிட்டு இரவுப் பேருந்தில் பெங்களூர், அங்கிருந்து ரயிலில் தாவணகெரே. கர்நாடகத்தின் சோள வட்டாரம் அது. பக்கத்து மாவட்டமான ஹாவேரியிலும் கதக்கிலும் 2025 நவம்பரில்தான் விவசாயிகள் 2,400 ரூபாய் விலை கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலைகள் சூழ்ந்த ஊரிலேயே சோளம் விலை போகவில்லை என்பதுதான் என்னை அங்கே இழுத்தது. பெயர் எழுதுவதில்லை என்ற பேச்சில் ஒரு ஆலைக்குள் விட்டார்கள்.

வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்பே மூன்று நாள் புளித்த தோசை மாவின் வாடை. உள்ளே சோளத்தை மாவாக அரைத்து, வெந்நீரில் கஞ்சியாக்கி, நொதிகளைப் போட்டு மாவைச் சர்க்கரையாக்குகிறார்கள். பிறகு ஈஸ்ட். ஐம்பது, அறுபது மணி நேரம் தொட்டியில். மூடியைத் திறந்து காட்டியபோது கரியமில வாயு மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. மஞ்சள் நுரை கொதிப்பது போல் புரள்கிறது. அடுத்தது வடிகட்டும் கோபுரங்கள். கடைசியில் மிச்சம் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சும் சல்லடைத் தொட்டி. ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஓடிவரும் எத்தனாலைப் பார்த்தேன். தண்ணீர் போலவே தெளிவு. ஒரு சொட்டு விரலில் விட்டார்கள். ஆவியாகிப் போகையில் விரல் ஜில்லென்றது. வேலை சுத்தமாகத்தான் நடக்கிறது. முந்நூறு பேருக்குச் சம்பளம், வாசலில் நாலு டீக்கடை.

நாளைக்கு இரண்டு லட்சம் லிட்டர் என்று பலகை சொன்னது. பெரம்பலூர் ஏக்கர் கணக்கில் தினமும் 210 ஏக்கர்.

மேலாளர், கொதிகலனுக்கு உமிதான் எரிக்கிறோம் என்றார். உமி இருந்தது. அதற்குப் பின்னால், அதைவிட உயரமாக, நிலக்கரியும் இருந்தது. சுற்றி நின்ற வேப்பமரத்தின் இலையைத் தடவினால் விரல் கறுத்தது. நாங்கள் மக்காச்சோள ஆலை என்றார். கிட்டங்கியில் ஒரு பாதி சோளம், மறுபாதி அரிசி. சணல் சாக்கில் இந்திய உணவுக் கழக முத்திரை. மண்டியில் காணாமல் போன முந்நூறு ரூபாய்க்கு இன்னொரு காரணம் இங்கே அடுக்கியிருந்தது. எத்தனாலுக்கான அரிசியின் விலையை 2025 ஜனவரியில் குவிண்டால் 2,800லிருந்து 2,250க்கு அரசு குறைத்தது. டன்னுக்குச் சோளத்தைவிட அரிசியில் கூடுதல் எத்தனால் கிடைக்கும். ஆலை எதை வாங்கும்? சோளம் போடு என்று விவசாயியை இழுத்துவிட்டு, விளைந்தபின் அதே விலையில் அரிசியைத் திறந்துவிட்டது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. அந்த அரிசி ரேஷனுக்காக வாங்கியது என்பது இன்னொரு வருத்தம்.

திட்டத்தால் நாட்டுக்கு லாபமே இல்லை என்று நான் எழுத மாட்டேன். 2014இலிருந்து 2025 நடுப்பகுதி வரை 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்று அரசு சொல்கிறது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது பெரிய தொகை. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம், அதற்கென்றே செய்த எஞ்சின் தட்டாமல் ஓடும், புகையில் கார்பன் மோனாக்சைடு குறையும். மிஞ்சின தானியத்தையும் பூஞ்சை பிடித்து யாருக்கும் ஆகாத தானியத்தையும் இதில் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. மிஞ்சினால் எடுப்பது என்று இல்லாமல், மிஞ்சாத வருஷத்திலும் இருபது சதவீதம் வந்தே ஆகவேண்டும் என்று கட்டிவைத்ததில்தான் நான் பார்த்த சங்கடங்கள் எல்லாம் தொடங்குகின்றன.

நாமக்கல் திரும்பி வண்டியை எடுத்தேன். தொட்டியம், முசிறி, காவிரிக் கரை, திருச்சி. அதே பங்கில், அதே குழாயில், வாய் வரை நிரப்பச் சொன்னேன். பம்பில் 'இ-20' என்று விரலகல ஸ்டிக்கர், வெயிலில் பாதி உரிந்து தொங்குகிறது. எத்தனால் போடாத பெட்ரோல் உண்டா என்றேன். பையன் இல்லையென்று தலையாட்டினான். மக்காச்சோள எத்தனாலை எண்ணெய் நிறுவனங்கள் வாங்குவது லிட்டர் 71 ரூபாய் 86 காசுக்கு, வரி தனி. குழாயில் விலை எனக்குக் குறையவில்லை.

ஓடியது 298 கிலோமீட்டர். குடித்தது 5.3 லிட்டர். லிட்டருக்கு 56. நோட்டை 2020க்குப் புரட்டினேன். அந்த வருஷம் முழுக்கச் சராசரி 60. இரு சக்கர வண்டிக்கு மூன்று, நாலு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை சொன்னது. என் வண்டியில் ஆறு. வண்டிக்கு ஆறு வயசு கூடியிருக்கிறது, அதன் பங்கும் இதில் இருக்கும். முழுப் பழியையும் எத்தனால் மேல் போட மாட்டேன். இந்தப் பயணத்தில் கூடுதலாகப் போனது மூன்றில் ஒரு லிட்டர், முப்பத்து நாலு ரூபாய்.

பங்கிலிருந்து வேப்பந்தட்டை அண்ணனுக்குப் போன் போட்டேன். சோளம் போட்டாச்சா என்று கேட்டேன். ஒன்றரை ஏக்கர்ச் சோளத்தைக் கொடுத்துவிட்டாராம், 2,020க்கு. மீதி களத்தில் காய்கிறது. "கொஞ்சம் ஏறுமான்னு பாக்குறோம் தம்பி. பேப்பர்ல ஏதும் போட்டிருக்கானா?"